கரண்ட் கட்டும் காணாமல் போன கப்பலும்

டெஸ்டிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். டெஸ்ட் கேஸ் எழுதுவது எப்படி, பிழையைப் பதிவு செய்வது எப்படி என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதை என்னைவிட நன்றாகச் சொல்லித் தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் கற்றுக்கொண்ட மென்பொருள்களில் பாதி இப்போது புழக்கத்திலேயே இல்லை. காட்பாடியில் நாங்கள் ஒரு கப்பலைத் தொலைத்த கதையைச் சொல்கிறேன். அதில் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் நான் எங்கிருந்து வந்தவள் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். தொண்ணூறுகள் முழுக்க ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். தைத்து முடித்து வரும் ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பி, வளைத்து, வெளிச்சத்தில் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். கீறல், நூல் பிசிறு, பசை வழிசல் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. அங்கே அலுவலகப் பக்கம் இருந்த ஒருவர் பிற்பாடு காட்பாடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைச் சோதித்துக் கொடுக்கும் அலுவலகம் ஆரம்பித்தார். மேனேஜரும் அவரேதான். என்னையும் கூப்பிட்டார். எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாதே என்றேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைக்கிறார்கள், குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள்தான் கம்மி என்றார். பள்ளிக்கூட வாத்தியாரான என் கணவர், இத்தனை வருஷமாக வீட்டில் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலைக்கு இப்போது சம்பளம் வேறா என்று கேட்டுவிட்டு, மூன்று நாள் அந்த நகைச்சுவையிலேயே காலம் தள்ளினார்.

எங்களுக்கு வந்தது ஓர் ஆன்லைன் விண்வெளி விளையாட்டு. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் ஒரே நேரத்தில் விளையாடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கப்பல். சரக்கு ஏற்றுவது, கிரகத்துக்குக் கிரகம் கொண்டுபோய் விற்பது, எரிபொருள் தீராமல் பார்த்துக்கொள்வது என்று ஏறக்குறைய லாரி ஓட்டுகிற பிழைப்புதான். விளையாட்டுக்குப் புதிய வசதிகள் சேர்ப்பதற்கு முன்னால் அவற்றை அரைவேக்காடாக எங்களிடம் அனுப்புவார்கள். அழுத்தினால் ஒன்றும் நடக்காத பொத்தான்கள் இருக்கும். சுவர் இல்லாத இடத்தில் கதவு மட்டும் நிற்கும். இதற்கென்றே அந்த விளையாட்டு உலகத்தின் நகல் ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதை டெஸ்ட் சர்வர் என்பார்கள். அதில் நாங்களும் இருப்போம், ஆர்வத்தோடு முன்வந்த சில வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் இருப்பார்கள்.

நான் முதன்முதலில் எழுதிய புகாரை இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 'பின்னணி மிகவும் இருட்டாக இருக்கிறது, பொருள்கள் சரியாகத் தெரியவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அது விண்வெளி, அப்படித்தான் இருக்கும் என்று மறுமுனையிலிருந்து மிக மரியாதையாகப் பதில் வந்தது. அந்த மரியாதையில்தான் எனக்கு ரொம்ப அவமானமாகிவிட்டது. ஆனாலும் வேலையைப் பிடித்துக்கொண்டேன். சில வருஷத்தில் அந்த மாடிக்கு நான்தான் டெஸ்ட் லீட். எல்லாரும் என்னை மேடம் என்று கூப்பிட வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். அவர் ஒருவர்தான் அப்படிக் கூப்பிட்டார், மற்றவர்களுக்கு நான் அக்காதான்.

இனி செல்வியைச் சொல்ல வேண்டும். மாதனூர் பக்கத்துப் பெண். வேலூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். அப்பா குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர், அக்கா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவள். அந்த அக்கா சம்பாத்தியத்தில்தான் இவள் படித்தாள். எங்களிடம் தற்காலிகமாகச் சேர்ந்து, நிரந்தரமாகும் நாளுக்குக் காத்திருந்தாள். அது நடக்காவிட்டால் அடுத்து ஷூ கம்பெனிதான் என்று வீட்டில் தீர்மானமாகச் சொல்லியிருந்தார்கள். ஷூ கம்பெனி வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், என் குடும்பத்துக்குச் சோறு போட்ட வேலை அது. ஆனால் தங்கை அங்கே வரக் கூடாது என்றுதான் அந்த அக்கா அத்தனை வருஷம் குனிந்து தைத்தாள்.

அந்த வருஷங்களில் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. எங்கள் தெருவுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து சற்று நேரத்தில் கரண்ட் போகும். யுபிஎஸ் பெயருக்குத்தான் இருந்தது. ஆகவே நான் ஒரு பழக்கம் ஏற்படுத்தியிருந்தேன். கரண்ட் போகும் நேரம் நெருங்கினால், யார் எங்கே பறந்துகொண்டிருந்தாலும் கப்பலைப் பக்கத்து விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுவந்து கட்டிவிட்டு, முறைப்படி வெளியேறிவிட வேண்டும். ஒரு நாளும் தவறாது. மேனேஜருக்கு இதில் ரொம்பப் பெருமை. எங்கள் பிள்ளைகளின் ஒழுங்கைப் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அப்போதுதான் அந்தப் புது வசதி வந்தது. எரிபொருள் தீர்ந்து நடுவழியில் நிற்கும் கப்பலை இன்னொரு கப்பல் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். வாணியம்பாடி ரோட்டில் லாரியைக் கட்டி இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஒரு மாதமாக இழுத்தோம், இழுபட்டோம். வந்த சில்லறைப் பிழைகள் எல்லாம் சரிசெய்யப்பட்டுவிட்டன. வார இறுதியில் அதை நிஜ விளையாட்டில் சேர்ப்பதாக வெளிநாட்டுக் கம்பெனி முடிவு செய்திருந்தது. எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் அதையொட்டித்தான் என்று மேனேஜர் சொல்லிவைத்திருந்தார்.

அந்த நேரத்தில் ஒரு நாள் காலையில் மேனேஜர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். டெஸ்ட் சர்வரில் விளையாடும் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர் புகார் கொடுத்திருந்தார். முந்தின நாள் எரிபொருள் இல்லாமல் நின்றிருந்த அவரை எங்கள் ஆள் ஒருவர் கயிறு கட்டி இழுத்துப் போயிருக்கிறார். பாதி வழியில் அந்த ஆளையும் காணோம், தன் கப்பலையும் காணோம். சரக்கோடு போய்விட்டது. உங்கள் டெஸ்டர் செய்த தவறா, எங்கள் வசதியில் கோளாறா, இன்று சாயந்திரம் போனில் பேசும்போது சொல்லுங்கள் என்று கம்பெனியிலிருந்து கேட்டிருந்தார்கள்.

அந்த ஆள் செல்விதான். முந்தின நாள் கரண்ட் போகும் நேரத்தில் எல்லாரும் கப்பலைக் கட்டிவிட்டு எழுந்தபோது, அவள் மட்டும் கட்டவில்லை. இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கரண்ட் போய்விட்டது. விஷயம் தெரிந்ததும் அறை முழுக்க ஒரே பேச்சு. எல்லாரும் நிறுத்தும்போது இவள் ஏன் நிறுத்தவில்லை என்பதைத் தவிர யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. செல்வியும் அழுத கண்ணோடு, தப்பு தன்னுடையதுதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டுபோய்ப் பேசினார். கெட்ட மனுஷன் இல்லை அவர். ஆனால் மாடி வாடகையிலிருந்து எங்கள் சம்பளம் வரைக்கும் அவர் தலையில் இருந்தது. கற்றுக்கொள்ள வந்த பெண், விதியை மீறி நடுவில் விட்டுவிட்டாள், அவளை அனுப்பிவிட்டோம் என்று சொன்னால் இத்தோடு முடிந்துவிடும் என்றார்.

"ஒரு ஆளுக்காக மொத்த ஆபீஸையும் பேஜார் பண்ணிக்க முடியாது மேடம். நீங்களே யோசிச்சிப் பாருங்க" என்றார்.

நான் யோசிக்கவில்லை, சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஷூ கம்பெனியில் ஒவ்வொரு தையல்காரருக்கும் ஒரு நம்பர் உண்டு. அவர் தைத்த துண்டின் உள்பக்கத்தில் அந்த நம்பரை எழுதிவிடுவார்கள். ஷூவில் தோல் கிழிந்து வந்தால் முதலில் நம்பரைப் பார்ப்போம். ஆளைக் கூப்பிடுவோம், திட்டுவோம். அந்த இடத்தில் தோலே நைந்திருந்ததா என்று பார்ப்பது அதற்கப்புறம்தான், அதுவும் யாருக்காவது நேரம் இருந்தால். எங்கள் மாடியில் பாதிப் பேர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள். யார் கை என்று கேட்பது எங்கள் ரத்தத்தில் ஊறியிருந்தது.

எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று செல்வியை மாடிப்படிக்கு அழைத்துப் போனேன். ஏன் நிறுத்தவில்லை என்றேன்.

"நிறுத்தணும்னுதான்க்கா பாத்தேன். நிலையம் கிட்ட வந்துடுச்சி. அந்த ஆளு அவ்ளோ நேரமா ஒண்டியா நின்னுக்கினு இருந்திருக்காரு. கயித்த அவுத்துட்டு வர மனசு வரல" என்றாள்.

கரண்ட் வந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்றாள். என்ன இருந்தது என்றேன்.

"என் கப்பல் நிலையத்துல பத்திரமா இருந்திச்சி. அவுரு கப்பல்தான் இல்ல."

படியில் இறங்கிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். கரண்ட் போனது இவளுக்கு. வெளிநாட்டுக்காரருக்குப் போகவில்லை, அவர் பாட்டுக்கு விளையாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தொடர்பு அறுந்தவளின் கப்பல் பத்திரமாக இருக்கிறது. அறாதவரின் கப்பல் எப்படிக் காணாமல் போகும்? அதோடு இன்னொன்றும் உறைத்தது. ஊர் உலகத்தில் யார் கரண்ட் போகும் நேரம் பார்த்துக் கப்பலைக் கட்டப் போகிறார்கள்? இன்டர்நெட் யாருக்கும் சொல்லிவிட்டுப் போகாது. ஒரு மாதமாக நாங்கள் எவ்வளவோ இழுத்தோம், நடுவில் தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்று ஒருவர்கூடப் பார்த்திருக்கவில்லை. பார்க்க விடாமல் தடுத்தது என் ஒழுங்குதான்.

உள்ளே போய், ஆம்பூர்ப் பையன் இம்தியாஸை ஒரு கப்பலில் எரிபொருள் இல்லாமல் நிற்க வைத்தேன். செல்வியைக் கயிறு கட்டி இழுக்கச் சொன்னேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, அவள் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். அவளுக்குக் கை வரவில்லை. நேற்று செய்த தப்பை மறுபடி செய்யச் சொல்கிறேனே என்று என்னைப் பார்த்தாள். நான் சொல்கிறேன், பிடுங்கு என்றேன். பிடுங்கினாள். இம்தியாஸ் திரையில் கப்பல் இல்லை. மறுபடி செய்தோம், மறுபடியும் இல்லை. ஆட்களை மாற்றி, கப்பலை மாற்றிச் செய்தாலும் அதேதான். தொடர்பு அறுந்தால் இழுக்கும் கப்பலை விளையாட்டே பத்திரமாக எடுத்து வைத்துவிடுகிறது. எடுக்கும்போது கயிற்றில் இருப்பதையும் சேர்த்து எடுக்கிறது. திருப்பி வைக்கும்போது இழுத்ததை மட்டும் வைக்கிறது, இழுபட்டதை மறந்துவிடுகிறது.

செல்வி கேபிளைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் நினைத்தது தவறில்லை. செல்வியைக் காட்டிக் கொடுத்தால் ஒரு பெண்ணோடு போகும். உண்மையைச் சொன்னால், ஒரு மாதமாக நாங்கள் சரி, சரி என்று அனுப்பிய அறிக்கை அத்தனையும் சந்தேகத்துக்கு வந்துவிடும்.

"இத சொன்னா, ஒரு மாசமா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்கன்னு கேப்பான். இன்னா பதில் சொல்லுவீங்க?" என்றார்.

கரண்ட் கட் என்று சொல்வேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த மாடியை மூடினால் நானும் வீட்டுக்குத்தான் போக வேண்டும், என் வயதில் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். சாயந்திரம் வரைக்கும் இருந்த அந்த நேரத்தில் மனது இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தது. கடைசியில் என்னைப் பிடித்து நிறுத்தியது பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. வார இறுதியில் இந்த வசதி வெளியே போகும், முகம் தெரியாத யார் யாரோ உதவி என்று கயிற்றைப் பிடிப்பார்கள், அவர்கள் சேர்த்ததெல்லாம் காணாமல் போகும். அப்போது செல்வி அனுப்பப்பட்ட காரணம் பொய் என்று எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு தினமும் அந்த மாடிப்படி ஏற என்னால் முடியாது என்று தோன்றியது. நான் பேசுகிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் போன் வந்தபோது ஸ்பீக்கரைப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

மறுமுனையில் இருந்தவர் இந்த வசதியை எழுதிய புரோகிராமர். என் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போகும் நேரத்தை, கப்பல்களைக் கட்டும் பழக்கத்தை, அந்தப் பழக்கத்தால் நாங்கள் பார்க்கத் தவறியதை, கேபிள் பிடுங்கிப் பார்த்ததை. அவர், தினமுமா கரண்ட் போகிறது என்று கேட்டார். தினமும் என்றேன். தன் கப்பலையே இழுத்துக் காட்டும்படி சொன்னார். செல்வி கயிறு கட்டினாள். அவர் கப்பல் பின்னாலேயே வந்தது. கேபிளைப் பிடுங்கினாள், இந்தத் தடவை நான் சொல்லாமலே.

"நான் எங்கேயும் இல்லை" என்றார் அவர், தன் திரையைப் பார்த்து.

பிறகு அவர் கேட்ட கேள்வி, மேனேஜர் பயந்த அதே கேள்விதான். அப்படியானால் இத்தனை நாள் சோதித்ததற்கு என்ன அர்த்தம்? அர்த்தம் பாதிதான், மீதியை நாளைக்கே ஆரம்பிக்கிறோம் என்றேன். காலையில் பதில் சொல்வதாக வைத்துவிட்டார்.

மறுநாள் வந்த கடிதம் இனிப்பாக இல்லை. எங்கள் பழைய அறிக்கைகளைப் பற்றிக் காரமாகவே எழுதியிருந்தார்கள், வாங்கிக்கொண்டோம். ஆனால் கயிறு கட்டும் வசதியை வார இறுதியில் வெளியிடவில்லை. அந்த ஆட்டக்காரருக்குக் கப்பலும் சரக்கும் திரும்பக் கிடைத்தன. இனி எந்தப் புது வசதி வந்தாலும் நடுவில் தொடர்பு அறுந்தால் என்ன ஆகிறது என்பதை எங்கள் மாடியிலேயே பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். அப்படி எழுதினால் ஒப்பந்தம் தொடர்கிறது என்று அர்த்தம். மேனேஜர் அதை இரண்டு தடவை வாசித்த பிறகுதான் நம்பினார்.

நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் இப்படி நல்ல பழக்கம் ஏதாவது இருக்கும். எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பீர்கள். கோளாறு அதற்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் யாராவது அந்தப் பழக்கத்தை மீறுவார்கள், ஏதாவது உடையும். அவரைச் சுற்றி நின்று யார், ஏன் என்று கேட்பதற்கு முன்னால், உடைந்தது எது என்று பாருங்கள். உடைத்தவரே தன் தப்பு என்று அழுதாலும் உடனே நம்பிவிடாதீர்கள். பழி தன் மேல்தான் என்று ஒருவர் ஒத்துக்கொண்டால் எல்லாருக்கும் வேலை சுலபமாகிவிடும், அதனாலேயே நம்பாதீர்கள்.

கடிதம் வந்த அன்று மத்தியானம் மேனேஜர் செல்வியைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார்.

"நீ பர்மனென்ட்டு. தொடர்பு அறுக்குற டெஸ்ட்டு எல்லாம் இனிமே உன் பொறுப்பு" என்றார்.

செல்வி தேங்க்ஸ் கூடச் சொல்லவில்லை. விறுவிறுவென்று மாடிப்படிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பாதிப் படியில் சுவரோடு சாய்ந்து, போனில் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"உன் கம்பெனி சூப்பர்வைசர்கிட்ட எனக்காகப் பேசிட்டியா? பேசலன்னா பேசாத. வேணாம். இங்கயே வேலை போட்டுட்டாங்க" என்றாள். அந்தப் பக்கம் மிஷின் சத்தத்தில் சரியாகக் கேட்டிருக்காது போலிருக்கிறது. இவள் குரலை உயர்த்தினாள். "இல்லக்கா, நான் ஒண்ணும் பண்ணல. கேக்குதா? நான் ஒண்ணும் தப்புப் பண்ணல."